நானே தூக்குகிற ஸ்பீக்கர்கள்

மக்கா,

நீ அயர்லாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம், முன்னறையில் நின்ற இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் துடைத்து, பழைய போர்வையால் மூடி, சுவரோரமாகத் தள்ளி வைத்தாய். "இனி இதத் தொடாண்டாம் அம்மா. தோளு போயிரும். ஞாயிற்றுக்கிழம கோயில்ல கீபோர்டு வாசிச்சா போதும். கல்யாணம், பெருநாளுக்கெல்லாம் போறத நிறுத்திக்கிடலாம்" என்றாய். உன் மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவள் நர்ஸ் ஆயிற்றே, என் வலது தோளின் கதை அவளுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். நான் அந்தப் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன். அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை. என் பதிலை இன்றைக்குச் சொல்கிறேன்.

இதைப் போனில் குரலாகப் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் நீ அதை வேகம் கூட்டிக் கேட்பாய், அம்மா கீச்சுக் குரலில் கத்துவதுபோல் இருக்கும். அதனால் எழுதுகிறேன். நம் பாட்டுக்குழுப் பெண்களும் இதைப் படிக்கக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் படித்தால் படிக்கட்டும்.

நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினைந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த அந்த மரப்பெட்டி ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். கூடவே ஆம்ப்ளிஃபயர், வயர்ச்சுருள், இரும்பு ஸ்டாண்டு. உனக்குத் தோள் உரம் வைத்த நாளிலிருந்து எனக்காக அதையெல்லாம் நீதான் ஏற்றி இறக்கினாய். குளத்தூரில் பெருநாள் என்றாலும், பாறசாலையில் நிச்சயதார்த்தம் என்றாலும், நான் கீபோர்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவேன்; நீ பின்னால் டெம்போவில் பெட்டிகளோடு வருவாய். போன வருடம் உனக்குக் காய்ச்சல் அடித்த அன்று நானே ஒரு பெட்டியைத் தூக்கப்போய்த்தான் தோளில் ஏதோ கிழிந்தது. மூன்று மாதம் கை தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. நீ பயந்ததில் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்த முதல் அழைப்புக்கு, "தூக்குறதுக்கு ஆளில்ல, வரக் கழியாது" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டு நின்றேன். ஸ்ரீகலாவுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. நான் வாசிக்க, அவள் பாட, இத்தனை வருடம் சேர்ந்து மேடை ஏறியவர்கள் நாங்கள். ஆரியங்கோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினாள்.

"அக்கா, ஆளில்லன்னு சொன்னியளாம். ஒங்களுக்க ரெண்டு கையும் எங்க போச்சு?"

"தோளு வேண்டாமா புள்ள? அந்தப் பெட்டிய நீ தூக்குவியா?"

"அந்தப் பெட்டிய எதுக்குத் தூக்கணும்? ஒங்களால தூக்க முடிஞ்ச பெட்டி இந்த ஒலகத்துல இல்லியா?"

மக்கா, இவ்வளவு நாளும் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவில்லை பார்த்தாயா? பெட்டி கனமாக இருக்கிறது, ஆகவே அம்மா நிறுத்த வேண்டும் என்றுதான் நீயும் நானும் யோசித்தோம். பெட்டியை மாற்றலாம் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் என் தோளைப் பார்த்த டாக்டரிடமே போனேன். வலிக்கு மருந்து கேட்கவில்லை. எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டேன். அப்படி யாரும் வந்து கேட்பதில்லை போலிருக்கிறது, அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு கையில் எட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம், தோளுக்கு மேலே எதையும் தூக்க வேண்டாம், கனத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்க வேண்டும் என்றார். ஆக, என்ன ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்பதில் பாதியை டாக்டர் சொல்லியாகிவிட்டது. மீதியைச் சொல்ல வேண்டியது என் காது.

ஸ்பீக்கர் கடைக்குக் கீபோர்டையும் கூடவே கொண்டுபோனேன். கடைக்காரர்கள் நமக்குப் போட்டுக் காட்டுவது அவர்களிடம் இருக்கிற பாட்டை. அதில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும். என் வாசிப்பு அதில் எப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரிய வேண்டும். விற்பனைக்கு நின்ற தம்பிக்குத் தமிழ் வராது, மலையாளத்தில்தான் பேசினான். முதலில் பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஒன்றைக் காட்டி, "சேச்சி, இது எடுத்தோ. ஆயிரம் வாட்ஸ் உண்டு" என்றான்.

"வாட்ஸ் அவிட நிக்கட்டே மோனே. கனம் எத்ர?" என்று கேட்டேன்.

நானே குனிந்து கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், அதே வேகத்தில் கீழே வைத்தேன். "எடுக்கான் சார் வரில்லே?" என்று, தூக்க உன் அப்பா வருகிறாரா என வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "சார் கடல்ல போயிருக்கு. எடுக்கிறது நானாக்கும்" என்றேன். அதன் பிறகுதான் அவன் என்னை ஒழுங்காகப் பார்த்தான்.

ஒல்லியாகக் கம்பம் போல் நிற்கிற ஒன்று இருந்தது. பார்க்க அழகு, சத்தமும் அறை முழுக்க ஒரே சீராகப் பரவியது. ஆனால் கனமெல்லாம் அதன் அடிப்பெட்டியில், மின்சாரம் இல்லாமல் வேலையும் செய்யாது. கிட்டார்காரர்கள் வைத்துக்கொள்கிற பெட்டி ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். பியானோ ஒலி பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கீபோர்டுக்கு அடிக்கட்டையின் கனத்த கீழ் ஒலியும் வேண்டும், உச்சியில் மணி ஒலியும் வேண்டும். ஒன்றைத் தூக்கி ஒன்றை அமுக்குகிற பெட்டி ஆகாது. ஆறு அங்குலத்தில் ஒன்று தூக்குச்சட்டி போல லேசாக இருந்தது. வலது கை வாசித்தது கேட்டது. இடது கை என்று ஒன்று எனக்கு இருப்பதே தெரியவில்லை. கடைசியாக எட்டு அங்குலத்தில், பேட்டரியோடு, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. ஏழரைக் கிலோ. இழுத்து வாசித்தேன், விட்டு விட்டு வாசித்தேன், மைக்கைச் செருகிப் பேசியும் பார்த்தேன். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறினேன், இறங்கினேன். இன்னொரு முறையும் ஏறி இறங்கினேன். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோள் ஒன்றும் சொல்லவில்லை. அதையே வாங்கினேன், ஒன்று மட்டும். "ஒந்நு மதி சேச்சி" என்று அந்தத் தம்பி சொன்னான், எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது.

முன்னறையில் இருந்த பழைய இரண்டையும் அன்று மாலையே ஊர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன். பந்து விளையாடுகிற ஆண்கள் நான்கு பேர் வந்து மூச்சு வாங்கத் தூக்கிப் போனார்கள். உனக்குச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

முதல் வெளிவாசிப்பு குளத்தூர்க் கடற்கரையில், சிலுவை நட்ட சிறிய குருசடி ஒன்றின் திருநாள். வெயில் சாயும் நேரம். கடல்காற்று அடித்த அடியில் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியை ஒரு நாற்காலியில் வைத்து வாசிக்கத் தொடங்கினேன். இடது கை வாசித்ததைக் காற்று கொண்டுபோய்விட்டது. அடிக்கட்டைக்கான திருகை முழுக்கத் திருப்பினேன். ஒலியையும் முழுக்கக் கூட்டினேன். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது, கூடவே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முன் வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள், பின் வரிசையில் இருந்தவர்கள் "ஒண்ணும் கேக்கல்ல" என்று கை காட்டினார்கள். ஸ்ரீகலா வாயைத் திறந்ததும் மைக் ஊளையிட்டது. முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த வருசம் நாம ஒரு பெரிய செட்டு பிடிச்சுக்கலாம் அக்கா" என்றார். அன்று வீடியோவில் உன்னிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேன்லா?" என்றாய். நெட் போய்விட்டதென்று நீ நினைத்திருப்பாய். நெட் போகவில்லை. நான்தான் வைத்தேன்.

அடுத்த ஒரு வாரம் நம் முற்றம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். உன் அப்பா கடலுக்குப் போகாத நாட்களில் அவரைப் பிடித்து ரோட்டு முனையில் நிறுத்தி வைத்தேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் துண்டை வீச வேண்டும். அவரும் வெயிலில் நின்று துண்டு வீசினார். போகிறவர் வருகிறவரெல்லாம் "என்ன அண்ணே, கப்பல் வருதா?" என்று கேட்டார்கள். ஆனால் அந்தத் துண்டில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அடிக்கட்டைத் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தேன், துண்டு நின்றது. பெரிய பெட்டிகளில் பழகிய என் இடது கை, கீழ் ஸ்வரங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தது. சின்னப் பெட்டியால் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாது. கையை ஒரு ஸ்தாயி மேலே நகர்த்தி, மூன்று விரலுக்குப் பதில் ஒரு விரல் வைத்து, நடுவே கொஞ்சம் இடம் விட்டு வாசித்தேன். அப்பாவின் கை மேலே போனது. பெட்டியைத் தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்தினால் முன்னால் இருப்பவர் காது தப்பும், பின்னால் இருப்பவருக்கும் போய்ச் சேரும் என்பதையும் அன்றுதான் பார்த்தேன். தோளுக்கு மேலே தூக்கக் கூடாதே என்று குழம்பியபோது, காற்று அடைத்த ஸ்டாண்டு ஒன்று உண்டென்று கடைத்தம்பியே சொன்னான். இடுப்பு உயரத்தில் பெட்டியை வைத்துத் திருகைத் தளர்த்தினால் போதும், அதுவாகப் பையப் பைய மேலே எழும்பும். நாற்பது வருடம் வாசித்த கை மறுபடி பாடம் படித்தது, மக்கா. எனக்கு அதில் வெட்கம் வரவில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி இருந்தது.

அதே பெட்டியில் இரண்டாவது ஒன்றும் வாங்கினேன். ஒன்றை முழு ஒலியில் கத்த வைப்பதைவிட, இரண்டை இரு பக்கமும் வைத்துப் பாதி ஒலியில் பேச வைப்பது நல்லது. டாக்டர் சொன்னபடி கனமும் இரண்டு கைக்கும் சமமாகப் பிரிந்தது. உன் அப்பா தார்ப்பாய் வாங்கி வந்து, வலை தைக்கிற ஊசியால் இரண்டு பை தைத்தார், தோளை அறுக்காத அகல வாரோடு. "எனக்க வல கிழிஞ்சு கெடக்கு, இவளுக்க பாட்டுப்பெட்டிக்கு நான் சட்ட தைக்கணும்" என்று முனகிக்கொண்டேதான் தைத்தார். கடல் உப்பு தாங்குகிற நூல். அந்தத் தையல் பிரியாது.

இனிதான் நான் சொல்ல வந்த கதை.

பெருங்கடவிளையில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்காரர்கள் வேறு பெரிய செட்டு ஒன்றும் பிடித்திருந்தார்கள், அறிவிப்புக்கும் சினிமாப் பாட்டுக்கும். பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போதும், சாப்பாட்டு நேரத்திலும் வாசிக்க எங்களை அழைத்திருந்தார்கள். பெண்ணின் பெயர் ரேஷ்மா. அவளுடைய அப்பா ராஜையன், ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஸ்ரீகலா வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் வீடு. போன மழையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி, கட்டிலோடு கிடக்கிறார். நாற்காலியில் வைத்து மண்டபத்துக்குத் தூக்கி வருகிறோம் என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாறவங்க எல்லாம் என்னயப் பாத்துக் கண்ணு நெறச்சா, பொண்ணுக்க மொகத்த யாரு பாப்பா? நான் இங்கன கெடந்துக்கிடுதேன். நீங்க நல்லபடியா நடத்துங்க" என்று சொல்லிவிட்டாராம்.

பெண் உள்ளே வந்தபோது வாசித்தேன். நன்றாகவே போனது. என் இரண்டு பெட்டிகளைப் பார்த்து, பெரிய செட்டுக்காரர், "இது டிவிக்கு வைக்குந்ந சாதனமல்லே சேச்சி?" என்று கேட்டுச் சிரித்திருந்தார். வாசித்த பிறகு அவர் சிரிக்கவில்லை. ஆனால் அது பெரிய விஷயம் இல்லை. சாப்பாடு முடிந்து நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரேஷ்மா, நகையும் பூவும் பட்டுச்சேலையுமாக, நேரே என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அப்பாக்க கிட்ட வந்து கொஞ்சம் வாசிப்பியளா? அங்கன ஒரு சத்தமும் இல்லாம தனியா கெடக்காரு. கல்யாண வீடு மாதிரியே இல்ல."

செட்டுக்காரரைத்தான் முதலில் கேட்டிருக்கிறாள். அவர் மேல் தப்பு இல்லை. வண்டி மேடு ஏறாது, அவர் பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும், மேலே போனாலும் அந்த வீட்டு மின்சாரம் அதைத் தாங்காது. நான் ஸ்ரீகலாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கீபோர்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாறேன் மக்ளே. நட" என்றேன்.

ஆரியங்கோட்டு மேட்டின் அடிவாரம் வரை ஆட்டோ போனது. அதற்கு மேல் ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்ணில் வெட்டிய படி. ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று, வார் இரண்டும் தோளில். கீபோர்டு ஸ்ரீகலாவிடம். ஸ்டாண்டுகளை மாப்பிள்ளையே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். ரேஷ்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். யாரோ பின்னாலிருந்து, "பெட்டிய இஞ்ச தாருங்க அக்கா" என்று கை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், மண்டபத்தில் இருந்த கூட்டத்தில் பாதி வண்டிகளில் வந்து இறங்கி எங்கள் பின்னால் ஏறி வருகிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும்.

முற்றத்தில் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒதுக்கி இடம் செய்தார்கள். கட்டிலோடு ராஜையனை வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் அவர் வெட்கப்பட்டுப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். பெட்டிகளை அவருக்கு இரண்டு பக்கமும் தள்ளி நிறுத்தினேன். இரண்டும் பேட்டரியில் ஓடின, கீபோர்டும் பேட்டரியில் ஓடியது, வீட்டிலிருந்து ஒரு வயர்கூட இழுக்கவில்லை.

"என்ன பாட்டு வேணும் அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பாட்டு வேண்டாம். பொண்ணு மண்டபத்துக்குள்ள நடந்து வந்தப்ப ஒண்ணு வாசிச்சியளாமே, அத வாசிங்க" என்றார்.

ரேஷ்மாவுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் மரங்கள் வரை திரும்பி ஓடினாள். அங்கிருந்து, நான் வாசிக்க வாசிக்க, தலை நிமிர்த்தி, அடி மேல் அடி வைத்து, அப்பாவின் கட்டிலைப் பார்த்து நடந்து வந்தாள். மண்டபத்தில் அவள் நடந்தபோது தரையைப் பார்த்தே நடந்தாள், மக்கா. இங்கே அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் இடது கையின் அந்த ஒற்றை விரல் ஸ்வரம் அந்த மேடு முழுக்க இறங்கிப் போனது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அவள் வந்து கட்டிலின் பக்கத்தில் முட்டி போட்டதும், அழுவார் என்று நாங்கள் எல்லாரும் பயந்தோம். அவர் போர்வையைத் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டி, "இன்னும் ஒருக்க!" என்று கத்தினார்.

இன்னும் ஒரு தடவை நடந்தாள். இந்த முறை மாப்பிள்ளை வீட்டார் கை தட்டிக்கொண்டே கூடவே வந்தார்கள். மூன்றாவது தடவை ஸ்ரீகலா பாடத் தொடங்கினாள், அத்தைமாரும் சித்திமாரும் ஆடிக்கொண்டே வந்தார்கள். ராஜையன் படுத்தபடியே தாளம் போட்டார், தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. வெயில் மரங்களுக்குள் சாய்கிற வரை வாசித்தோம். எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன். இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. பழைய பெட்டிகளோடு நீயும் நானும் அந்த மேடு ஏறியிருக்க முடியாது, அதை நீயே ஒத்துக்கொள்வாய்.

இதை உன்னை வெட்கப்படுத்த எழுதவில்லை. நீ எனக்காகப் பட்ட பயம் அன்புதான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் குளிர் நாட்டில் நீயும் உன் மனைவியும் தனியாகக் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள். அவள் இன்னும் படிக்க வேண்டும் என்பாள், கார் ஓட்ட வேண்டும் என்பாள், நீ நினைத்தே பார்க்காத ஏதோ ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பாள். அப்போது எடுத்த எடுப்பில் "கழியாது, முடியாது" என்று சொல்லிவிடாதே மக்கா. அது எவ்வளவு கனம் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் தூக்கிப் பார்க்கிற வரை பக்கத்தில் நில். உனக்கும் அங்கே தலைக்கு மேல் வேலை இருக்கும். உன் தோளுக்கு எது தாங்கும் என்பதை நீதான் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், உன் முதலாளி சொல்லக் கூடாது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு போன் ஓயவில்லை. மேட்டு வீடு, தோட்டத்து வீடு, வண்டி போகாத இடம் எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கேட்கிறார்கள். உன் அப்பா இப்போது நாங்கள் எங்கே வாசித்தாலும் வந்து, "எனக்க வீட்டுக்காரி ஆக்கும்" என்று சொல்லிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறார். வீடியோவில் கூப்பிடும்போது என் தோளைப் பற்றி முதலில் கேட்காதே. என்ன வாசித்தேன் என்று கேள், மணிக்கணக்கில் சொல்கிறேன்.

ரோட்டில் ஆட்டோ ஹாரன் கேட்கிறது, ஸ்ரீகலா வந்துவிட்டாள். இன்றைக்குப் பாறசாலையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நிச்சயதார்த்தம், மூன்று மாடி ஏற வேண்டும். எழுதினது போதும். நான் வாசிக்கப் போகிறேன்.

உன் அம்மா